ஏழு பி.எம்.டபிள்யூவும் ஒரு லோக்பாலும்

2025 அக்டோபரில் நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் சுற்றிய செய்தி எதுன்னு கேட்டா, யோசிக்காம சொல்லிடலாம். லோக்பால் அப்போது கேட்ட ஏழு கார்கள்தான்.

விவரம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். ஊழல் புகார்களை விசாரிக்கிற லோக்பால், 2025 அக்டோபர் 16-ஆம் தேதி ஒரு டெண்டர் விட்டது. பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், நீளமான மாடல், வெள்ளை நிறம், ஏழு வண்டி. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் ஆறு பேர், ஆளுக்கு ஒண்ணு. வரியெல்லாம் சேர்த்து ஒரு கார் 70 லட்சம் ரூபாய் அளவில் ஆகும், மொத்தம் 5 கோடியைத் தொடும் என்று செய்தித்தாள்கள் அப்போது கணக்குப் போட்டன. டிரைவர்களுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சியும் கார் கொடுக்கிறவங்களே தரணும்னு அதில் இருந்தது.

உடனே மீம்ஸ் பறந்தது. ஊழலைத் துரத்திப் பிடிக்க வேகமான வண்டி வேணும்தானே என்று ஒருத்தர். இல்லை, பின் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து விசாரிக்கத்தான் நீளமான மாடல் என்று இன்னொருத்தர். நானும் சிரிச்சேன்.

அரசியல் தரப்பிலும் பேச்சு வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கே சாதாரண செடான் கார்தான், இவங்களுக்கு மட்டும் எதுக்கு பி.எம்.டபிள்யூ என்று ப. சிதம்பரம் கேட்டார். இதை வெறும் எதிர்க்கட்சிக் குரல்னு தள்ளிட முடியாது. லோக்பால் சட்டப்படி தலைவருக்கு இந்தியத் தலைமை நீதிபதிக்குச் சமமான சம்பளமும் படிகளும். உறுப்பினர்களுக்கு உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குச் சமம். அளவுகோல் சட்டத்திலேயே இருக்கு.

நிதி ஆயோக்கின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி அமிதாப் காந்த், டெண்டரை ரத்து பண்ணிட்டு மஹிந்திரா, டாடாவின் மின்சாரக் கார்களை வாங்கச் சொன்னார். இதுல ஒரு வேடிக்கை. இந்த பி.எம்.டபிள்யூ ஜெர்மனியிலிருந்து கப்பலில் முழுசா வந்து இறங்குவதில்லை. நம்ம செங்கல்பட்டு பக்கம் 2007 முதல் ஓடுகிற ஆலையில்தான் பூட்டப்படுகிறது. அதனால சுதேசி, விதேசி சண்டை இங்கே சரியா பொருந்தாது.

சரி, 5 கோடி பெரிய தொகையா? மத்திய அரசின் செலவுக் கணக்கில் அது தூசு. பதவியில் இருக்கிறவங்களுக்குப் பாதுகாப்பான வண்டி வேணும் என்பதிலும் தப்பில்லை. ஆனாலும் மக்களுக்குச் சுருக்குனு தைக்குது. ஏன்?

நம்ம ஊரில் அதிகாரத்தை வண்டியை வைத்துத்தான் அளந்து பழகியிருக்கோம். அந்தக் காலத்து வெள்ளை அம்பாசடர், மேலே சுழலும் சிவப்பு விளக்கு. 2017 மே 1 முதல் அமைச்சர்கள் முதல் குடியரசுத் தலைவர் வரை யாருக்கும் சிவப்பு விளக்கு கிடையாது என்று ஆனபோது, நாடே கைதட்டியது. அதில் மிச்சமான பணம் எவ்வளவுன்னு யாரும் கேட்கலை. மற்ற துறைக்கு நல்ல கார் வந்தா எரிச்சல்தான் வரும். லோக்பாலுக்கு வந்தா ஏமாந்த மாதிரி இருக்கு. காரணம், அந்த அமைப்பின் கையில் இருக்கிற ஒரே சொத்து நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு நாம கொடுத்த விலையைப் பாருங்க. முதல் லோக்பால் மசோதா வந்தது 1968-இல். 2011-இல் அண்ணா ஹசாரே ஜந்தர் மந்தரில் பட்டினி கிடந்தார். சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் தலைவர் நியமிக்கப்பட்டது 2019 மார்ச்சில். நாற்காலியில் ஆள் உட்காரவே ஐந்து வருஷம். காரை மட்டும் 30 நாளுக்குள் கொண்டு வரணும்னு டெண்டர் சொன்னது.

எனக்கு உறுத்துவது இன்னொண்ணு. அந்த காரின் மாடல், நிறம், விலை எல்லாம் இன்று நமக்கு மனப்பாடம். லோக்பாலில் எப்படிப் புகார் கொடுக்கணும்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால அதையும் சொல்லிடறேன். எம்.பி.க்கள், மத்திய அமைச்சர்கள், மத்திய அரசு ஊழியர்கள் மீதான ஊழல் புகாரை யாரும் கொடுக்கலாம். பிரதமர்கூட சில வரம்புகளோடு இதில் வருகிறார். விதிப்படி புகார் பொதுவாக ஆங்கிலத்தில் இருக்கணும், ஆனால் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் வந்தாலும் லோக்பால் ஏற்கலாம். உறுதிமொழிப் பத்திரம் இணைக்க வேண்டும். சம்பவம் நடந்து 7 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வேணும்னே பொய்ப் புகார் கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாநில விவகாரம்னா லோக் ஆயுக்தா. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 2018-இல் நிறைவேறியது.

கார் பற்றிக் கேலி பண்ணுங்க, அதில் தப்பே இல்லை. அதோட நிறுத்திடாம, எத்தனை புகார் வந்தது, எத்தனை தள்ளுபடி, எத்தனை பேர் மீது வழக்கு என்றும் சேர்த்துக் கேளுங்க. 330 என்ற மாடல் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த மீமுக்குப் போயிட்டோம்னா, இந்த விவாதத்தால் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

உங்க கருத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் வேறொரு செய்தியோடு சந்திப்போம்.