புகையிரத நிலையத்துக்கு அப்பால்

மலைநாட்டுப் புகையிரதத்தில் ஏறி யன்னலோரத்தில் அமர்ந்து, பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற தேயிலை மலைகளைக் கண்டு வியந்தவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். அவ்வியப்பில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், வண்டியை விட்டு இறங்கிக் காலால் நடந்த ஒரு நாளைப் பற்றியே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஹப்புத்தளையை அடுத்த ஒரு பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். தங்கியிருந்தது பண்டாரவளையில். பருவச்சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நாள்தோறும் புகையிரதத்தில் சென்று வந்தேன். தியத்தலாவையைத் தாண்டி வண்டி மெல்ல மெல்ல ஏறும். ஹப்புத்தளையில் இறங்கினால் ஒருபுறம் ஊவாவின் மலைகளும், மறுபுறம் தென்றிசைச் சமவெளியை நோக்கிச் சரியும் பள்ளமும் தெரியும். நிலையத்திலிருந்து பாடசாலை, பாடசாலையிலிருந்து நிலையம். நான்கு ஆண்டுகளாக அதற்கு அப்பால் நான் ஓரடியும் வைத்ததில்லை.

இந்த இருப்புப்பாதையின் வரலாறு சுவையானது. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்கென்றே தொடங்கப்பட்ட இப்பாதை 1867ஆம் ஆண்டு கண்டியை அடைந்தது. 1885இல் நானுஓயாவை எட்டிய வேளையிலோ கோப்பிச் செடிகள் இலைநோயால் அழிந்துகொண்டிருந்தன. அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலையைக் கடந்து, 1893இல் ஹப்புத்தளைக்கும், 1924இல் பதுளைக்கும் பாதை வந்து சேர்ந்தது. இவற்றையெல்லாம் மாணவர்க்கு நான் கரும்பலகையில் எழுதிக் கற்பித்ததுண்டு.

ஒருநாள் பத்தாந்தர வகுப்பில், "லிப்டன் சீட்டுக்கு நடந்து போகும் வழி யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நாள் தவறாமல் பிந்தி வருவதால் என்னால் வாசலில் நிறுத்தப்படும் மாணவனின் கை அது. "எனக்குத் தெரியும் சேர். எங்க லயம் அந்தப் பக்கந்தான்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை, சக ஆசிரியர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு காலைப் புகையிரதத்தில் புறப்பட்டேன். ஹப்புத்தளையில் இறங்கி, அங்கிருந்து சுமார் பத்துக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தம்பேதன்னைக்குப் பேருந்தில் சென்றோம். கிளாஸ்கோ நகரத்து வணிகரான தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் இப்பகுதித் தோட்டங்களை வாங்கித் தேயிலை வாணிகத்தில் இறங்கினார். அவர் காலத்துத் தொழிற்சாலை இன்றும் அங்கே நிற்கிறது. வாடவிட்ட கொழுந்தின் மணம் தெருவரைக்கும் வந்து எங்களை வரவேற்றது. எங்களுக்கு முன்பே இறங்கி வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு குளிரில் நின்றிருந்தான் அந்த மாணவன்.

அங்கிருந்து மலையுச்சிக்கு ஏழு கிலோமீற்றர். பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. புகையிரதத்திலிருந்து பார்க்கும்போது ஒரே பச்சையாகத் தோன்றும் மலை, நடக்கும்போதுதான் பலவாகப் பிரிந்து தெரிகிறது. இது கொழுந்து எடுக்கும் மலை. அது கவ்வாத்து வெட்டிய மலை. அதோ கொழுந்து நிறுக்கும் மடுவம். பெண்கள் நெற்றியில் கயிற்றை மாட்டி, முதுகில் கூடை தொங்க, செங்குத்தான சரிவில் நிரை பிடித்து நின்றார்கள். அவர்களுள் ஒருத்தி தலையை நிமிர்த்திக் கையசைத்தாள். "எங்க அம்மா சேர்" என்றான் பையன்.

எனக்கு மூச்சு வாங்கியது. மூன்று இடங்களில் உட்கார்ந்தேன். அவனோ பேசிக்கொண்டே ஏறினான். லயத்தை அடைந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணியும் இருபது நிமிடமும் கழிந்திருந்தன.

அவனுடைய பாட்டி எங்களைக் காம்பராவின் முன்னால் அமர்த்தி, சாயத் தண்ணீரும் ரொட்டியும் தந்தார். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலைநாட்டுக்கு வந்தவராம். தலைமன்னார் இருப்புப்பாதை 1914இல் திறக்கப்படுவதற்கு முன் அவ்வழியே வந்தவர்களுக்குக் கால்நடைதான் கதி. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். அதை அம்மூதாட்டி, பக்கத்து ஊர்ச் செய்தியைச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இருட்டோட எந்திரிச்சு, தண்ணி தூக்கி வச்சிட்டுத்தான் ஓடுவான். கீழ பஸ்ஸ விட்டுட்டா நடைதான். நேரத்துக்கு வந்துருவானுங்களா சேர்?"

நேயர்களே, அக்கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. வாசலில் நிறுத்தப்படுவதைப் பையன் வீட்டில் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கிற்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் குனிந்துகொண்டேன். "நல்ல பிள்ளை, அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

மேலே லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகக் கூறப்படும் இடத்தை நாங்கள் அடைந்தபோது மூடுபனி எங்கும் பரவிவிட்டது. அதிகாலையில் வருவோருக்கே அக்காட்சி கிட்டும். பையன் அந்த வெண்மைக்குள் கையை நீட்டி, "அங்க உடவளவைக் குளம் சேர்; அதுக்கு அங்கால தெற்குப் பக்கம்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். என் கண்ணுக்கு ஒன்றுந் தெரியவில்லை. அவன் சொன்னதை நம்பினேன்.

மாலையில் பண்டாரவளைக்குத் திரும்பும் புகையிரதம் முக்கால் மணி நேரம் பிந்தி வந்தது. நிலைய வாங்கில் அமர்ந்திருந்தபோது ஓர் எண்ணம் என்னை உறுத்திற்று. வண்டி பிந்தும் நாள்களில் நானும் பாடசாலைக்குப் பிந்தியே போயிருக்கிறேன். ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோட்டின் கீழ் ஒப்பமிட்டு, "புகையிரதத் தாமதம்" என்று எழுதினால் போதும். எவரும் என்னை வாசலில் நிறுத்தியதில்லை. எனக்காகப் புகையிரதம் சாட்சி சொல்லிற்று. மலையிறங்கி வரும் பிள்ளையின் கால்களுக்குச் சாட்சி சொல்ல யார் இருந்தார்?

திங்கட்கிழமை அவன் பிந்தியே வந்தான். வழக்கம்போல் வாசலில் நின்றான். உள்ளே வரச்சொன்னேன். அன்று முதல், பிந்தி வரும் பிள்ளையிடம் "ஏன் பிந்தினாய்?" என்று அதட்டுவதை விட்டு, "எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்கப் பழகினேன். முதற்பாடத்தில் தவறவிட்டதை இடைவேளையில் சொல்லிக்கொடுத்தேன். பெரிய சீர்திருத்தம் என்று இதனைச் சொல்லமாட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

பின்னர் நான் அதிபராகி வேறு பாடசாலைகளுக்கு மாற்றலாகிச் சென்றேன். எங்கே சென்றாலும், பொறுப்பேற்ற முதல் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, மிகத் தொலைவிலிருந்து வரும் மாணவனின் வழியை நடந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவன் வீட்டு வாசலை அடையும் வரை நடப்பேன். இடாப்பிலே காணக்கிடைக்காத பல செய்திகளை அவ்வழிகள் எனக்குக் கற்றுத்தந்திருக்கின்றன.

நீங்களும் விடுமுறை நாளொன்றில் மலைநாட்டுக்குப் போய் வாருங்கள். 2025 நவம்பரில் வீசிய தித்வாப் புயல் மலைநாட்டு இருப்புப்பாதையையும் தெருக்களையும் பெரிதும் சிதைத்தது; ஆதலால் புறப்படுமுன் புகையிரத நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். காட்சியைக் காண விரும்பினால் விடியுமுன் நடக்கத் தொடங்குங்கள். மழைக்கு ஒரு குடையும், வழிக்குச் சிறிது உணவும் போதும். பாதையில் எதிர்ப்படும் பிள்ளைகளிடம் வழி கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பதையும் கேளுங்கள்.