முறையீடும் முறைமன்ற நடுவரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



உள்ளாட்சி மன்றங்கள் மீதும் அவற்றின் உறுப்பினர்கள் மீதும் எழும் முறையீடுகள் எவ்வாறு விசாரிக்கப்படுகின்றன என்பதைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். நான் வழக்கறிஞன் அல்லன், பள்ளி ஆசிரியன். ஆயினும் நம் மக்களுக்காக மனு எழுதிப் பழகிய கை இது. அந்தப் பழக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1997-ஆம் ஆண்டு. பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். இந்த ஏரிக்கரையில் எங்கு தோண்டினாலும் உப்புநீர் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் குடிநீர்க் குழாய் ஊர்த் தெருவோடு நின்றுவிட்டது. நம் காலனிக்கு வரவில்லை. வேலை முடிந்துவிட்டதாக மன்றத்தில் கணக்கு எழுதியாயிற்று என்று உறுப்பினர் ஒருவரே எங்களிடம் சொன்னார். நான் உணர்ச்சி பொங்க மூன்று பக்க மனு எழுதினேன். கருணை காட்டுங்கள், ஏழைகளின் கண்ணீரைத் துடையுங்கள் என்று மன்றாடினேன். பதில் இல்லை. மீண்டும் எழுதினேன், அதற்கும் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவரிடம் அதன் நகலைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "தம்பி, இதில் அழுகை இருக்கிறது, தேதி இல்லையே!" என்றார். அன்று அவர் கற்றுத் தந்த பாடத்தை எந்தக் கல்லூரியும் எனக்குக் கற்றுத் தரவில்லை. அடுத்த மனு ஒரே பக்கம். எந்த வேலை, எந்த ஆண்டு, குழாய் எந்த வீட்டோடு நிற்கிறது, அங்கிருந்து காலனி எத்தனை அடி, கேட்கும் பரிகாரம் யாது என்று மட்டும் எழுதினோம். நாற்பது பேர் கையெழுத்தும் கைநாட்டும் இட்டார்கள். விசாரணைக்கு அதிகாரி வந்தார். சில மாதங்களில் குழாயும் வந்தது.

அருளை யாசிப்பது வேறு, உரிமையை முறையிடுவது வேறு. யாசிப்பவன் தன் துன்பத்தைச் சொல்கிறான். முறையிடுபவன் மற்றவருடைய கடமையைச் சொல்கிறான். இன்று நான் சொல்லப் போவது அனைத்தும் இந்த ஒரு கருத்தின் விரிவே.

முறையீட்டைக் கேட்பதற்கென்றே ஓர் நடுநிலையான பதவி வேண்டும் என்ற எண்ணம் சுவீடன் நாட்டில் 1809-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. ஆட்சி புரிவோரைக் கண்காணிக்கும் அந்தப் பதவிக்கு அவர்கள் வைத்த பெயரே ஆம்புட்ஸ்மன். நம் நாட்டில் 1966-இல் நிருவாகச் சீர்திருத்த ஆணையம் லோக்பால், லோக் ஆயுக்தா என்னும் அமைப்புகளைப் பரிந்துரைத்தது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் ஊராட்சிகளுக்குப் பணமும் அதிகாரமும் பெருகியபின், அவற்றுக்கெனத் தனி நடுவர் தேவைப்பட்டது. கேரளம் 1999-இல் தன் ஊராட்சிச் சட்டத்தைத் திருத்தி அப்பதவியை உண்டாக்கியது. தமிழ்நாட்டில் 2014-இல் உள்ளாட்சி முறைமன்ற நடுவர் சட்டம் இயற்றப்பட்டது.

இத்தகைய நடுவர் இருவகைக் குற்றங்களை விசாரிக்கிறார். ஒன்று ஊழல். மற்றொன்று நிருவாகச் சீர்கேடு. அதாவது நியாயமற்ற செயல், பாரபட்சம், காரணமில்லாத தாமதம், அலட்சியம் ஆகியவை. இரண்டாவது வகையை நம் இளைஞர்கள் நன்கு மனத்தில் பதிக்க வேண்டும். ஒருவர் பணம் தின்றால்தான் குற்றம் என்று நாம் எண்ணுகிறோம். ஊர்த் தெருவில் விளக்கு எரியக் காலனியில் ஆண்டுக்கணக்கில் இருள் சூழ்ந்திருப்பதும் முறையிடத்தக்க குற்றமே. அதை விதி என்று ஏற்றுக்கொள்வதுதான் நம் பிழை.

விசாரணை முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். முறையீடு எழுத்தில் இருத்தல் வேண்டும். முறையிடுபவர் தம் பெயரும் முகவரியும் தர வேண்டும். மொட்டைக் கடிதம் குப்பைக் கூடைக்கே போகும். முதலில் அது தம் அதிகாரத்துக்கு உட்பட்டதா என்று நடுவர் பார்ப்பார். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிறகு எதிர்த்தரப்பின் பதிலைக் கேட்பார். பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லவும் சாட்சிகளை அழைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இரு தரப்பையும் கேட்டபின்னரே முடிவு. கேரளச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரவும், ஊராட்சிக்கு நேர்ந்த நட்டத்தை அதற்குக் காரணமானவரிடமே வசூலிக்கவும், விடுபட்ட வேலையைச் செய்து முடிக்கவும் நடுவர் ஆணையிடலாம். குற்ற வழக்குத் தொடரத்தக்கதை அதற்குரிய அதிகாரிக்கு அனுப்புவார்.

நம் மாநிலத்தில் கிராம ஊராட்சித் தலைவரைப் பொறுத்தவரை மற்றொரு வழியும் உண்டு. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு அது. தலைவர் கடமையைச் செய்ய மறுத்தாலோ அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ, மாவட்ட ஆட்சியர் தாமாகவே நடவடிக்கை தொடங்கலாம். அல்லது மன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்டுக் குற்றச்சாட்டு அளிக்கலாம். ஆட்சியர் விளக்கம் கேட்பார். வட்டாட்சியர் மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். அதன்பின் ஆட்சியர் முடிவெடுப்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இந்தக் கத்திக்கு இரு பக்கமும் கூர் உண்டு. தனித் தொகுதியில் வென்று நம்மவர் ஒருவர் தலைவராகும்போது, அவரைப் பணியவைக்கவும் இதே பிரிவைக் காட்டி மிரட்ட முடியும். "சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடு, இல்லையேல் புகார்" என்பார்கள். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் பிறகு கணக்குக் கேட்கும்போது தனியே அகப்பட்டுக்கொள்வார். ஆகவே நம் சமுதாயத்திலிருந்து மன்றத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் தீர்மானப் புத்தகத்தைத் தாமே படித்துக் கையெழுத்திட வேண்டும். செலவுச் சீட்டுகளின் நகலைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். விசாரணை வரும் நாளில் நம்மைக் காப்பது அந்தத் தாள்களே.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்ததை மறக்கலாகாது. 2020 ஆகஸ்டு 15-ஆம் நாள், கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆத்துப்பாக்கம் ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான தலித் பெண்மணி கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்தது, சில நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து நிற்க, அவரே கொடியேற்றினார். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் நம் தலைவி ஒருவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாடே பார்த்தது. இவை நிருவாகச் சீர்கேடு என்று எழுதி நடுவருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியவை அல்ல. பட்டியல் இனத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமை செய்யவிடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். அதற்குரிய இடம் காவல் நிலையம்.

நம் பழவேற்காட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இங்குப் பஞ்சாயத்து என்றால் இரண்டு பொருள். ஒன்று வாக்குச் சீட்டால் அமைந்த ஊராட்சி மன்றம். மற்றொன்று ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை இடுவது என்னும் பாட்டு முறையை நிருணயிக்கும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து. நம்மவர் பலர் அந்தப் பாட்டு முறைக்கு வெளியிலேயே நின்று கையால் இறால் பிடித்துப் பிழைத்தவர்கள். முறைமன்ற நடுவரின் அதிகாரம் முதல் பஞ்சாயத்தோடு முடிகிறது. இரண்டாவது அவர் எல்லைக்குள் இல்லை. ஆனால் ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் நம்மை விலக்கி வைத்தாலோ, விலக்குவோம் என்று மிரட்டினாலோ, அதுவும் வன்கொடுமைச் சட்டத்தின்கீழ்க் குற்றமே. எந்த மனு எந்த வாசலுக்கு என்று அறிவது பாதி வெற்றி.

1948 நவம்பரில் அரசியல் நிருணய சபையில், கிராமத்தை உயர்த்திப் பேசியவர்களை அண்ணல் அம்பேத்கர் வன்மையாக மறுத்தார். ஊருக்குள் நீதி கிடைக்காதவர்களின் அனுபவம் அவருக்குத் தெரியும். ஊருக்கு வெளியே, ஊராரின் உறவும் பகையும் தீண்டாத நடுவர் ஒருவர் நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இளைஞர்களே! தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால் முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 1997-இல் நாங்கள் வாய்ச் சொல்லாகக் கேட்டறிந்ததை நீங்கள் முத்திரையிட்ட நகலாகவே பெறலாம். கிராம சபைக் கூட்டங்களுக்குச் செல்லுங்கள். கேட்ட கேள்வியைத் தீர்மானத்தில் எழுதச் செய்யுங்கள். நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாலைப் பள்ளி நடக்கும் இதே கூடத்தில், வாரத்தில் ஒரு நாள் மனு எழுதிக் கொடுக்கவும் எழுதக் கற்றுக் கொடுக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் நாளே வந்து அமர நான் அணியமாக இருக்கிறேன்.

அந்தக் குழாய் மனுவில் முதற் கைநாட்டு இட்ட பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மனு போன சில நாட்களில் இருவர் அவர் வீட்டு வாசலில் நின்று, "இதை உனக்கு எழுதிக் கொடுத்தவன் யார்?" என்று கேட்டார்கள். "நான்தான் எழுதினேன்" என்றார் அவர். எழுத்தறியாதவர், என் வேலைக்குக் கேடு வரக்கூடாது என்று அவ்வாறு சொன்னார். அன்றிரவு என்னிடம் வந்து, "தம்பி, நான் பொய் சொல்லிவிட்டேன். அதை மெய்யாக்க வேண்டும், எழுதக் கற்றுக் கொடு" என்றார். அறுபது வயதுக்கு மேல் அவர் அகரம் தொடங்கினார். தம் பெயரை எழுதும் அளவுக்குக் கற்றார்.

அவருக்கு நேர்ந்த அச்சம் இனியும் நமக்கு நேரும். ஆனால் கையெழுத்திடுபவர் ஒருவராக இல்லாமல் ஊரே கையெழுத்திட்டால், எந்த வாசலில் போய் மிரட்டுவார்கள்? அந்த நிலையை உண்டாக்குவதே கல்விச் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணி.