கணவாயும் ஆற்றுப்படையும்



சுற்றத்தோடு மலை கடத்தல் தமிழ் இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம், கூத்தர் சுற்றமொன்றை நவிரமலைக்குரிய நன்னனிடம் 583 அடிகளில் ஆற்றுப்படுத்துகிறது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, புனங்காவலர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை என இடர்களை ஒவ்வொன்றாகக் கூறித் தப்பும் வகையும் உரைக்கிறார் பெருங்கௌசிகனார். மலையின் அழகில் தோய்ந்த அப்புலவர், கற்கள் உறுத்தி மெலிந்த விறலியரின் சிறிய அடிகளை மறந்தாரில்லை.

அத்தகைய வழிகாட்டல் இன்றும் எத்துணைத் தேவையானது என்பதை இமாசலத்தின் ரோதாங் கணவாய் உணர்த்தும். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. கணவாயின் உயரமோ 3,978 மீட்டர். இடைப்பட்ட சாலை ஏறத்தாழ 51 கிலோமீட்டர். காலையில் ஆப்பிள் தோட்டங்களிடையே காரில் புறப்படும் குடும்பம், நண்பகலுக்குள் மரமே இல்லாத உயரத்தை அடைந்துவிடுகிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடே. கொண்டையூசி வளைவுகளை எண்ணிக் களித்துவந்த சிறுவன் தலைவலியென்று தாயின் மடியில் சாய்கிறான். பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது. தலைவலியோடு குமட்டலும் தளர்ச்சியும் மிகுமாயின், உடனே கீழிறங்குதலே முதல் மருந்து. "இன்னும் சிறிது தொலைவுதானே" என்னும் ஆர்வத்தை அடக்கி வண்டியைத் திருப்பும் தந்தையே வழியறிந்தவர். மலையில் ஒரு குடும்பத்தின் வேகத்தை வகுப்பது, அதில் மிகத் தளர்ந்தவரின் மூச்சேயாகும்.

2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை, 9.02 கிலோமீட்டர் நீளத்தில் மலையைக் குடைந்து செல்கிறது. கணவாயில் ஏறாமலே லாஹௌல் பள்ளத்தாக்கை அடைய இயலுகிறது. மணாலிக்கும் லேக்கும் இடைப்பட்ட தொலைவு 46 கிலோமீட்டர் குறைந்தது. ஏறி ஏறிக் கண்ட காட்சியெல்லாம் ஓர் இருண்ட குகைக்குள் மறைந்ததே எனக் கவிநெஞ்சம் வருந்தலாம். அவ்வருத்தம் பொய்யன்று. ஆயினும், கணவாய்க்கு அப்பால் வாழ்வோரையும் எண்ணுதல் வேண்டும். ஆண்டில் ஏறத்தாழப் பாதிக்காலம் பனி அவர்தம் வழியை அடைத்திருந்தது. குளிர்காலத்தில் பேறுகால வலி கண்ட பெண்ணும் நோயுற்ற முதியவரும் ஹெலிகாப்டரை எதிர்நோக்கிக் கிடந்தனர். வானிலை இடங்கொடாத நாளில் அதுவும் இல்லை. சுற்றுலா வந்தோர்க்கு ஒருநாள் வியப்பாக விளங்கிய பனி, அவர்களுக்கு ஆறுமாதச் சிறையாயிற்று.

வழியைக் கண்டவர் காணாதவர்க்கு உரைப்பது ஆற்றுப்படை. அந்நெறியின் உயிர் பிறர் துயரறியும் அருளில் உள்ளது. பத்தாண்டு நடந்துவந்த இவ்வட்டத்தின் கவிஞர்கள் மலையைப் பாடுங்கால், ஏறித் தளர்ந்தவரையும் அப்பால் வழிபார்த்து இருந்தவரையும் சேர்த்தே பாடுவார்களாக.