ஆறு வற்றியபோது வந்த காய்ச்சல்

கண்டி நகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் அணைத்தாற்போல வளைந்து செல்வது மகாவலி கங்கை. ஆறு பெருக்கெடுத்தால் கரையோர மக்கள் அஞ்சுவது இயல்பு. ஆறு வற்றினாலும் அஞ்சவேண்டும் என்பதை அவர்களுக்கு உணர்த்திய ஆண்டு 1934.

அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. கரைபுரண்டு ஓடவேண்டிய காலத்தில் மகாவலியும் மா ஓயா, தெதுறு ஓயா, களனி ஆகிய ஆறுகளும் மெலிந்து, பாறை இடுக்குகளிலும் மணற்பள்ளங்களிலும் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றன. வெயில் படும் இத்தகைய தெளிந்த நீரே அனோபிலிஸ் குலிசிபேசீஸ் என்னும் நுளம்பு முட்டையிட விரும்பும் இடமாகும். மற்றைய ஆண்டுகளில் ஆற்றின் ஓட்டம் அதன் முட்டைகளையும் புழுக்களையும் அடித்துச் சென்றுவிடும். அவ்வாண்டு அடித்துச்செல்ல வெள்ளம் இல்லை.

அக்டோபர் மாதப் பிற்பகுதியில் காய்ச்சல் தொடங்கியது. கேகாலை, குருணாகல் மாவட்டங்கள் பேரழிவைக் கண்டன. கண்டியின் ஆற்றோரக் கிராமங்களும் தப்பவில்லை. உயர்ந்த மலைத் தோட்டங்களுக்கு மட்டும் நோய் பெரும்பாலும் ஏறவில்லை. இலங்கையின் மக்கள்தொகை அப்பொழுது ஏறக்குறைய 55 இலட்சம். அவர்களுள் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் நோயுற்றனர். ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். குழந்தைகளும், போதிய உணவின்றி மெலிந்திருந்த ஏழைகளுமே மிகுதியாக மடிந்தனர்.

வறண்ட வலயத்தில் மழைக்குப்பின் மலேரியா வருவது வழக்கமாக இருந்தது. அங்குள்ளோர் இளமை முதல் அந்நோயோடு பழகிச் சிறிதளவேனும் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஈரநாட்டிலோ மழை தவறினால்தான் மலேரியா வந்தது. எப்போதோ ஒருமுறை வரும் பகையை எதிர்க்க அம்மக்களின் உடல் பழகியிருக்கவில்லை.

மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளுள் பால்சிபாரம், வைவாக்ஸ் என்னும் இரண்டும் இந்நாட்டில் முதன்மையானவையாக இருந்தன. முன்னது விரைந்து கொல்ல வல்லது. பின்னது மெல்ல வாட்டுவது. ஆதலால் மருத்துவ நூல்கள் நெடுங்காலம் அதனைத் ‘தீங்கற்ற முறைக்காய்ச்சல்’ என்றே அழைத்துவந்தன. அப்பெயர் பொருந்துமா என்பதை அதன் வாழ்க்கை முறையைக் கொண்டே தீர்மானிக்கலாம்.

நோயைச் சுமந்த பெண்நுளம்பு கடிக்கும்போது ஒட்டுண்ணி உடலினுள் புகுந்து, விரைவில் ஈரலை அடைகிறது. அங்கே பல்கிப் பெருகியபின் இரத்தத்தில் இறங்கி, இளமையான செங்குருதிக் கலங்களைத் தேடிப் புகுகிறது. ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அக்கலங்கள் வெடிக்கின்றன. அப்பொழுதுதான் பற்கள் கிட்டும் குளிரும், அதன்பின் தீயெனச் சுடும் வெப்பமும், இறுதியில் வியர்வையும் தோன்றுகின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வருவதன் காரணம் இதுவே. பலமுறை தாக்குண்டவருக்கு இரத்தம் குன்றும், மண்ணீரல் வீங்கும். கருவுற்ற தாய் நோயுற்றால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். அடிக்கடி நோயுறும் சிறுவர் பள்ளிப்படிப்பிலும் பின்தங்குகின்றனர். இவ்வளவும் செய்யும் நோயைத் தீங்கற்றது என்பது எங்ஙனம் பொருந்தும்?

நுளம்பினுள் சென்று வளரத்தக்க கருக்கள் வைவாக்ஸ் நோயாளியின் இரத்தத்தில் மிக விரைவாகத் தோன்றிவிடுகின்றன. நோயாளி மருத்துவரை நாடுமுன்பே அவரைக் கடித்த நுளம்பு நோயை வாங்கிச் சென்றிருக்கலாம். இதனினும் பெரிய சூழ்ச்சி ஒன்றுண்டு. ஈரலிற் புகுந்த ஒட்டுண்ணிகளுள் ஒரு பகுதி பெருகாமல் அங்கேயே உறங்கிவிடுகிறது. ஒட்டுண்ணி ஈரலில் வளர்வதை 1948இல் ஷார்ட், கார்ன்ஹாம் என்னும் அறிஞர்கள் காட்டினர். அதன் உறங்கும் வடிவத்தை 1980களின் தொடக்கத்தில் குரோட்டோஸ்கியும் அவர்தம் துணைவரும் கண்டனர். குணமடைந்தவர் எனக் கருதப்பட்டவருக்குப் பல வாரங்கள், சிலவேளை பல மாதங்கள் கழித்து, நுளம்பு கடிக்காமலே காய்ச்சல் திரும்புவது இதனாலேயாம். குளோரோகுயின் இரத்தத்திலுள்ளதை அழிக்கும். உறங்குவதை அழிக்கப் பிரிமாகுயின் வேண்டும். அதனை வழக்கமாக 14 நாள்கள் உட்கொள்ளவேண்டும். சிலருடைய குருதிக்கு அம்மருந்து ஒவ்வாதாகையால், பரிசோதித்தறிந்த பின்னரே மருத்துவர் அதனைக் கொடுப்பர். காய்ச்சல் விட்டவுடன் குளிசையையும் விட்டுவிடுவோர் பகைவனைத் தம் வீட்டிலேயே உறங்கவிடுகின்றனர்.

தனி ஒருவருக்கு நேர்வதே நாட்டுக்கும் நேர்ந்தது. 1940களில் வீடுதோறும் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கியபின் நோய் வேகமாகக் குறைந்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. பகை ஒழிந்தது என்று எண்ணி மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது. 1969இலோ நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அவருள் பெரும்பாலோர் வைவாக்ஸினால் நோயுற்றவர். 1980களில் மகாவலியின் குறுக்கே அணைகள் எழுந்து, அணைக்குக் கீழே நீரோட்டம் குறைந்தபோது, ஆற்றுப்படுகையில் மீண்டும் குட்டைகள் தோன்றின. கண்டிப் பகுதியின் கரையோரங்களில் காய்ச்சலும் திரும்பியது. வானம் 1934இல் செய்ததை இம்முறை மனிதன் கை செய்தது.

பின்னர் இரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் நுளம்புக் கட்டுப்பாடும் தளராமல் நடைபெற்றன. 2012 அக்டோபருக்குப்பின் இலங்கையில் உள்நாட்டு மலேரியா எவருக்கும் இல்லை என்ற நிலை ஏற்பட்டு, 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. ஆயினும் 2018இல் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து, உள்ளூர் நுளம்பின் வழியாக, மற்றொருவருக்கு வைவாக்ஸ் தொற்றியது. உடனே கண்டறியப்பட்டதால் அது அங்கேயே அடங்கியது.

ஒட்டுண்ணி இந்நாட்டை விட்டுப் போயிற்று, நுளம்பு போகவில்லை. மகாவலியும் ஒவ்வொரு வறட்சியிலும் மெலியத்தான் செய்யும். ஆகவே, மலேரியா உள்ள நாட்டுக்குச் சென்று திரும்பியவர் காய்ச்சலுற்றால், அது பல மாதங்கள் கழிந்தபின் வந்த காய்ச்சலாயினும், தம் பயணத்தை மருத்துவரிடம் மறவாது கூறி இரத்தத்தைச் சோதிப்பித்தல் வேண்டும். ஒரு துளி இரத்தமும் பதினான்கு நாட் பொறுமையும், எண்பதினாயிரம் உயிரைக் கொடுத்து இந்நாடு கற்ற பாடத்தைக் காக்கப் போதுமானவை.