தயம்மும் தந்த பாடம்



2014-இல் கினியா, சியரா லியோன், லைபீரியா நாடுகளில் எபோலா பரவியது. 2016-க்குள் 11 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களையும் நோய் தொற்றியது.

அதிகாரிகள் என்ன செய்தார்கள்? உடலைப் பையில் கட்டி எடுத்துச் சென்றார்கள். குடும்பத்தார் தொழவும் வழியில்லை. விளைவு? மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள். மய்யித்தை இரகசியமாக அடக்கினார்கள். நோய் மேலும் பரவியது!

அவ்வாண்டு இறுதியில் உலக சுகாதார நிறுவனம் மார்க்க அறிஞர்களையும் பாதிரிமார்களையும் கலந்து புதிய நெறிமுறை வகுத்தது. குளிப்பாட்டலுக்குப் பதிலாக, பாதுகாப்பு உடையணிந்தவர் செய்து வைக்கும் தயம்மும். குடும்பத்தார் விலகி நின்று தொழ அனுமதி. மக்கள் ஒத்துழைக்க முன்வந்தார்கள்.

கெடுபிடி சாதிக்காததை மரியாதை சாதித்தது! மக்களின் பழக்கத்தை அறிவது மருத்துவர்களின் கடமை. மார்க்கம் தரும் சலுகையை எடுத்துச் சொல்வது ஆலிம்களின் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கும்.