தோட்டத்துக் கள்ளுக்கடை



கோயில், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை ஆகியவற்றைப் போலவே ஒரு காலத்தில் கள்ளுக்கடையும் தோட்டத்தின் அங்கமாக இருந்தது. சுங்காய் வட்டாரத்தில் ரப்பர் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பழைய கடைகளும் மறைந்துவிட்டன. ஆயினும் அவற்றின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அது குடியின் கதை மட்டுமன்று. கூலியின் கதையும் ஆகும்.

கள்ளைக் காய்ச்ச வேண்டியதில்லை. தென்னம்பாளையைச் சீவி முட்டியைக் கட்டினால் இனிப்பான சாறு வடியும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீராகவே இருக்கும். தடவாவிட்டால், காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதைப் புளிக்கச் செய்து போதைப் பொருளாக்கிவிடும். மறுநாள் அது காடியாகத் தொடங்கும். ஆகவே கள்ளை அன்றன்றே விற்றாக வேண்டும். மரமும் கடையும் குடிப்பவரும் அருகருகே இருப்பது வியாபாரத்துக்கு வசதியாயிற்று.

அரசாங்கம் உரிமம் கொடுத்தது. தோட்ட நிர்வாகம் கடையை நடத்தியது. 1920-களின் இறுதியில் பல தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக நிர்ணயிக்கப்பட்டன. காலையில் பால் வெட்டிச் சம்பாதித்ததில் ஒரு பகுதி, மாலையில் அதே தோட்டத்தின் கடைக்குத் திரும்பிப் போயிற்று. கள்ளு இலாபத்தைக் கொண்டு தொழிலாளர் நலனுக்கான செலவுகள் செய்யப்பட்டதும் உண்டு. சற்றுச் சிந்தியுங்கள்: தகப்பன் குடித்துத் தொலைத்த காசிலிருந்து ஒரு சிறு பங்கு, பிள்ளைக்கு உபகாரமாகத் திரும்பி வந்தது. வீட்டுக்கு முழுதாக வந்திருந்தால் அது யார் தயவும் இல்லாத உரிமைப் பணமாக இருந்திருக்கும்.

இந்தக் கணக்கைத் தொழிலாளர்களே புரிந்துகொண்டார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, கூலி உயர்வு கேட்டவர்கள், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள்; கள்ளுக்கடையை மூடவும் கோரினார்கள். மூன்றும் அவர்களுக்கு மானப் பிரச்சினைகளே. போருக்குப் பின், கெடாவில் ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். கள்ளுக்கடைகளின் முன் மறியல் நடந்தது. 1947-இல் அது போலீசாருடன் மோதலாக முற்றி, உயிரிழப்பிலும் முடிந்தது.

கள்ளுக்கடையை மூடினால் மக்கள் சம்சுவுக்குப் போய்விடுவார்கள் என்று அன்று சிலர் வாதிட்டார்கள். அதை அடியோடு தள்ளிவிட முடியாது. கள்ளுக்கடைகள் மறைந்த பிறகும் மலிவான சாராயப் போத்தல்கள் லயங்களில் நுழைந்தன. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் நம் நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் கொல்லும். சுவையாலோ மணத்தாலோ அதை அடையாளம் காண இயலாது.

ஆகவே கடையை மூடுவது பாதி வேலைதான். மறுபாதி வீட்டில் இருக்கிறது. சம்பள நாளன்று கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து, அரிசிக்கு இவ்வளவு, பள்ளிச் செலவுக்கு இவ்வளவு என்று முதலில் எழுதி எடுத்து வையுங்கள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். அவரை ஏசாமல் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அது நோய், மருந்தும் ஆதரவும் வேண்டும்.

எழுத்தறிவு குறைந்திருந்த நம் பாட்டன்மார், தங்கள் காசு எங்கே போகிறது என்று கேட்டார்கள். படித்த பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் அந்தக் கேள்வி மாதந்தோறும் எழட்டும்.