மாற்றத்தை ஏற்றுக்கொள் என்று சொல்லுமுன்

(நமது மருத்துவமனையின் செவிலியர் பயிற்சிப் பள்ளி முதலாம் ஆண்டு மாணவியரிடையே மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



"வாழ்வில் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுதல்" என்ற தலைப்பில் நீங்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதிய தாள்களை வார்டன் அம்மா என்னிடம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் படித்தேன். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. நல்லவேளை, மருந்துச் சீட்டை எழுதப்போகிறவர்கள் நீங்கள் அல்ல, வாசிக்கப்போகிறவர்கள்.

மாற்றம் நல்லது, மாற்றமே வளர்ச்சி, புன்னகையோடு வரவேற்க வேண்டும் என்று பெரும்பாலோர் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தாள் மட்டும் வேறு விதமாக இருந்தது. "எங்கள் நிலம் போயிற்று. மாடுகளை விற்றுவிட்டோம். அப்பா இப்போது கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. எல்லாரும் ஏற்றுக்கொள் என்கிறார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை." அவ்வளவுதான், நான்கைந்து வரி. எழுதிய பிள்ளை யாரென்று சொல்லமாட்டேன். ஆனால் இன்று நான் பேசப்போவது அந்தத் தாளைப் பற்றித்தான்.

உங்களில் பலர் ஒரகடம், வல்லம், மாத்தூர், சுங்குவார்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகள். உங்கள் தாத்தாமார் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட்ட ஊர்கள் அவை. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை தொடங்கப்பட்டு, 1998-ல் முதல் கார் வெளிவந்தது. அதற்குப்பின் ஒரகடத்தில் நிசான், டெய்ம்லர், ராயல் என்பீல்ட் என்று ஒவ்வொன்றாக வந்தன. தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பதற்கென்றே மாநிலத்தில் தனிச் சட்டமும் வந்தது. வேலை வந்தது, பஸ் வந்தது, பெண்பிள்ளைகள் கையில் சம்பளம் வந்தது. இதை இல்லையென்று சொல்கிறவர் பொய் சொல்கிறவர். அதே சமயம், பத்திரத்தில் பெயர் இருந்தவருக்கு இழப்பீடு கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மாற்றத்தைப் பற்றி நம் வட்டாரத்தில் நோக்கியாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. நல்ல காலத்தில் எட்டாயிரம் பேர் வரை அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பகுதியினர் இளம் பெண்கள், பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். தம்பியின் படிப்பு, அக்காளின் கலியாணக் கடன், கூரை வீட்டுக்குத் தளம் என்று ஒவ்வொரு சம்பளக் கவருக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்தது.

2013-ல் வருமானவரித் துறையோடு பெரிய வழக்கு வந்து, ஆலையின் சொத்துக்கள் முடக்கப்பட்டன. அதே ஆண்டில் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வரித் தகராறினால் நம் ஊர் ஆலை மட்டும் அதில் சேராமல் வெளியே நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறினார்கள். விருப்ப ஓய்வு! ஓய்வு என்ற சொல் என்னைப்போல் அறுபதைத் தாண்டியவர்களுக்கு உரியது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். விருப்பம் என்ற சொல்லைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது. அதே வளாகத்தில் இருந்த பாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் நின்றது.

பின்லாந்திலும் டெல்லியிலும் எடுக்கப்பட்ட தீர்மானங்களுக்கு இங்கே உள்ள பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். அவர்களிடம் போய் "மாற்றத்தை ஏற்றுக்கொள்" என்று சொல்வது எளிது. சொல்கிறவருக்குச் செலவு ஒன்றுமில்லை அல்லவா?

வேதத்திலே நகோமி என்ற தாயை நினைத்துப் பாருங்கள். பஞ்சத்துக்குப் பிழைக்கப்போன மோவாபிலே கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பினாள். ஊர்ப் பெண்கள் பெயர் சொல்லி வரவேற்றபோது, இனி என்னை மாராள் என்று அழையுங்கள், என் வாழ்வு கசந்துபோயிற்று என்ற பொருளில் பேசினாள். அவளை யாரும் அங்கே கண்டிக்கவில்லை. இழந்ததை இழந்தேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், மருமகள் ரூத்தை எந்த வயலுக்கு அனுப்புவது, யாரிடம் என்ன பேசுவது என்று யோசிக்கத் தொடங்கினாள். அந்த வரிசையைக் கவனியுங்கள். நாம் அநேகமாகத் தலைகீழாகச் செய்கிறோம். அழுகை முடியுமுன்னே ஆலோசனை கொடுத்துவிடுகிறோம்.

இனி இன்னொரு காரியம். வருகிற மாற்றம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா? ஐபோன் பொருத்தும் ஆலையோடு பாக்ஸ்கான் இந்தப் பக்கம் மீண்டும் பெரிதாக வளர்ந்தது உங்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில் அதன் தொழிலாளர் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள், வெளியூரிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. அந்த இரவு அவர்கள் சாலையில் உட்காராதிருந்தால் விடுதிகளைப் பற்றி நாடு பேசியிருக்காது என்பது என் எண்ணம். "வேலைக்குப் போனால் அப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்" என்று அவர்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். நல்லவேளை, அவர்கள் கேட்கவில்லை.

நோக்கியா கட்டிடத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2019-ல் சால்காம்ப் என்ற நிறுவனம் அதை வாங்க முன்வந்தது; பின்னர் அங்கே சார்ஜர் செய்யும் வேலை தொடங்கியது. கட்டிடத்துக்கு மறுவாழ்வு கிடைத்துவிட்டது. ஆனால் 2014-ல் வெளியே போனவர்கள் ஐந்தாறு ஆண்டு வாசலில் காத்திருக்க முடியுமா? ஒரு லைனில் ஒரே வேலையைச் சில விநாடிக்கொருமுறை செய்து பழகிய கை, அந்த லைன் நின்றால் வேறிடத்தில் எதைக் காட்டும்? இந்த இடத்தில் உங்கள் நிலை வேறு. நீங்கள் படிப்பை முடித்து நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயரைப் பதிந்தால், அந்தப் பதிவு உங்களுடையது. இந்த மருத்துவமனையுடையது அல்ல. நாளை இதன் கதவே மூடினாலும் அது உங்களோடு வரும். நிர்வாகத்தார் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் அண்ணன் அக்காமார் கம்பெனியில் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். பி.எப். பணத்துக்கு ஆளுக்கொரு நிரந்தர எண் தரும் திட்டம் 2014 அக்டோபர் 16-ல் தொடங்கப்பட்டது, நோக்கியா நிற்பதற்குப் பதினாறு நாள் முன்பு. கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. அதை எழுதி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்கிறவர்கள் அவசியம் கேட்டு வாங்க வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை உங்களுக்கு முதல் வார்டு டியூட்டி. விடுதியிலிருந்து மயங்கி விழுந்து வந்த ஒரு பெண் அங்கே படுத்திருக்கலாம். வேலை போனதை வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்திருக்கலாம். "எல்லாம் நன்மைக்கே" என்று தொடங்காதீர்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டாய், சம்பளம் எந்த மாதத்தோடு நின்றது, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். அவள் பேசத் தொடங்கினால் நின்றுகொண்டு கேட்காதீர்கள். கட்டிலருகே ஸ்டூல் இருக்கும், உட்கார்ந்து கேளுங்கள். ஸ்டூல் இல்லையென்றால் ஸ்டோரில் என் பெயரைச் சொல்லி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.